தினம் இரு வேளை தோல்வி

தெற்கே ஒரு பெரிய ஊரில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன், பெயர் சொன்னால் யாராவது மறுப்பு எழுதுவார்கள், மறுப்பு எழுதினால் நான் பதில் எழுதுவேன், பதில் எழுதி ஜெயித்துவிட்டேன் என்றால் என் வலது கால் முழங்காலுக்குக் கீழே மறுபடியும் பிளந்துகொள்ளும், அந்தக் காலை மூட ஒரு வார்டே பாடுபட்டிருக்கிறது, அத்தனை பேர் உழைப்பையும் ஒரு வாசகர் கடிதத்துக்காக வீணாக்க எனக்கு உரிமை கிடையாது. எனக்கு ஓர் உரிமை கிடையாது என்று நானே எழுதுவது இதுதான் முதல் தடவை. என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இரண்டாம் முறை வாசித்துக்கொள்ளலாம்.

நான் எழிலரசி, அரசியல் அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு, பல்கலைக்கழகப் பட்டிமன்ற அணியின் தலைவி, மூன்று வருடமாக எந்த மேடையிலும் தோற்காதவள், வீட்டில் தோசை முறுகலா மெத்தென்றா என்பதில்கூடத் தோற்காதவள். விபத்தும் வாதத்தில்தான் நடந்தது. பல்கலைக்கழக வாசலில் நிறுத்தம் உண்டு என்றேன், இல்லை என்றார் கண்டக்டர், பலகையே இருக்கிறது பாருங்கள் என்று நான் படியில் நின்றபடி கையை நீட்டி, அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த பேருந்திலிருந்து இறங்கினேன். பின்சக்கரம் காலில் ஏறியது. நான் சொன்னது சரி என்பதற்குச் சாட்சியாக அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் விழுந்து கிடந்தேன். ஆம்புலன்ஸ்காரரிடமும் முதலில் அதைத்தான் காட்டினேன் என்று பிறகு சொன்னார்கள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று துண்டு. எலும்பைச் சேர்த்து வெளியே இரும்புக் கம்பி வைத்துப் பூட்டிவிட்டார்கள், பார்ப்பதற்குக் கட்டடத்துக்குச் சாரம் கட்டியது போல இருந்தது. எலும்பு சேரும், அது பெரிய விஷயமில்லை, பெரிய விஷயம் அதன் மேலிருந்த தோலும் சதையும் சக்கரத்தோடு போய்விட்டதுதான். டாக்டர் கிறிஸ்டபெல், கட்டையான உருவம், எந்நேரமும் பாதி குடித்த டீயைத் தேடிக்கொண்டிருப்பவர், ஒட்டறுவைப் பிரிவின், அதாவது பிளாஸ்டிக் சர்ஜரியின், தலைவர், என்னை மூன்று தடவை தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செத்த சதையை வெட்டி வெட்டி எடுத்தார். எதற்கு இவ்வளவு வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "செத்தத வச்சுக்கிட்டு உயிரோட இருக்கிறதக் காப்பாத்த முடியாதும்மா" என்றார். அதற்கு என்னிடம் நான்கு பதில் இருந்தது. மயக்க மருந்து முந்திக்கொண்டது.

அதன் பிறகு புண்ணில் கருப்பு ஸ்பாஞ்சு வைத்து, மேலே கண்ணாடித்தாள் போல ஒன்றை ஒட்டி, ஒரு குழாயைச் சொருகி, கட்டிலுக்கடியில் களகளவென்று உறிஞ்சும் மெஷினோடு இணைத்தார்கள். அது கெட்ட நீரை உறிஞ்ச உறிஞ்ச, மாதுளை முத்து போலச் சிவப்பாகப் புதுச்சதை எழும்ப வேண்டும், எழும்பி எலும்பை மூட வேண்டும், மூடிய பிறகுதான் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட முடியும். எலும்பு மேலேயே ஒட்டக்கூடாதா என்றேன். "பூச்சு வேலை முடியாம வெள்ளையடிப்பாங்களா" என்றார் டாக்டர். வேறு இடத்துச் சதையை ரத்தக் குழாயோடு எடுத்து வைக்கலாமே, நான் படித்தேன் என்றேன். "நீ படிச்சது சரி. ஆனா உன் காலுக்குப் போற மூணு குழாயில ரெண்டு நசுங்கிருச்சு. மீதி ஒண்ணுலதான் பாதம் பொழச்சுக் கிடக்கு, அதுல நான் கைவைக்க மாட்டேன். மூணு புதன்கிழமை பாப்போம். எலும்பு மூடலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துர வேண்டியதுதான்."

பதினோரு சென்டிமீட்டர் எலும்பு வெளியே தெரிந்தது. டிரெஸ்ஸிங் அறை சிஸ்டர் மரகதம் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து, அதைப் புண் மேல் வைத்து மார்க்கரால் கரை வரைந்து அளப்பார். என் கால் ஒரு நாட்டின் வரைபடம் போல அவர் மேஜையில் கிடக்கும். ஒன்பது நாளாக அந்த நாட்டின் எல்லை ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

ஒன்பதாம் நாள் வார்டைத் துடைக்க வந்த அம்மாவிடம் நான் பேசினேன். பேசினேன் என்றால் பத்து நிமிடம், நிறுத்தாமல், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பற்றி, கையுறை கேட்டுப் போராட வேண்டியதன் அவசியம் பற்றி, உங்களைப் போன்றவர்கள் வாய்மூடி இருப்பதால்தான் இந்த நிலை என்பது பற்றி. அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு, "எம் பேரு என்ன, சொல்லு" என்றார்.

ஒன்பது நாள். தினம் இரண்டு வேளை என் கட்டிலுக்கடியில் குனிந்து துடைத்தவர். எனக்குத் தெரியவில்லை.

"லூர்து" என்றார். "எங்களப் போல ஆளுகன்னு ஒரு பேரு கெடையாது." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தோற்றேன். காலுக்குள் எறும்பு ஊர்வது போல இருந்தது. சாயங்காலம் சிஸ்டர் மரகதம் ஸ்பாஞ்சைப் பிரித்தபோது எலும்பு ஒரு சென்டிமீட்டர் மூடியிருந்தது.

அடுத்த நாள் உணவுப் பிரிவிலிருந்து வந்த பெண்ணிடம் முட்டையின் அளவு குறித்து வாதிட்டு ஜெயித்தேன், அந்தப் பெண் கண் கலங்கிப் போனாள், மறுநாள் அந்த ஒரு சென்டிமீட்டரும் போய்விட்டிருந்தது. எதிர்க் கட்டிலில் இருந்த ஒருவரிடம் கிழமை என்ன என்பதில் தோற்றேன், அரை மில்லிமீட்டர் கூடியது. சிஸ்டர் மரகதம் ஃபிலிம்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் அன்றைக்கு நான் யாரிடம் என்ன பேசினேன் என்று ஓரத்தில் எழுதி, டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் பார்த்தார். தலையைச் சொறிந்தார். என் கேஸ் ஷீட்டை எடுத்து மருந்துகளுக்குக் கீழே "தினம் இரு வேளை தோல்வி, சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இது ஏன் டாக்டர் நடக்குது?" என்று கேட்டேன்.

"ஏன்னு பேச வெளியூர்ல மாநாடு நடக்கும். இங்க டிரெஸ்ஸிங்தான் நடக்கும். மரகதம், என் டீ எங்க?"

அதோடு விஷயம் முடிந்துவிட்டது, அதாவது விஷயம் ஏன் என்பது முடிந்துவிட்டது, எப்படி என்பது ஆரம்பித்தது. பெண்கள் வார்டு முழுவதும் என்னைத் தோற்கடிப்பதைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது, வெந்நீர் பிடிப்பது, துணி அலசுவது, எழிலரசியை மடக்குவது. முதலில் நான் சாமர்த்தியமாக நடித்துப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் ஆமாம் நீங்கள் சொல்வதுதான் சரி என்று தலையாட்டினேன், ஒரு நாள் முழுக்கப் பதினெட்டுப் பேரிடம் அப்படித் தோற்றேன், புண் ஏமாறவில்லை. "உள்ளுக்குள்ள இவ ஒத்துக்கிடல" என்று சிஸ்டர் ஃபிலிமின் ஓரத்தில் எழுதினார்.

செய்தி பல்கலைக்கழகத்துக்குப் போய், என் எதிரணிக்காரர்கள் நான்கு பேர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, குறிப்பு அட்டைகளோடு வந்தார்கள். எங்கள் பேராசிரியரே நடுவராக வந்தார். குளுக்கோஸ் தொங்கும் கம்பிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, குடும்பத்தின் நிம்மதிக்குப் பெரிதும் காரணம் விட்டுக்கொடுப்பதா வெளிப்படையாகப் பேசுவதா என்று ஒரு தலைப்பையும் வைத்தார்கள். தோற்றுவிடலாம் என்று மனதாரத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அவர்களில் முதலில் பேசியவன் முதல் வாக்கியத்திலேயே ஒரு புள்ளிவிவரத்தைத் தப்பாகச் சொன்னான். ஏழு நிமிடத்தில் நான்கு பேரையும் முடித்தேன், வார்டில் கைதட்டல், நடுவர் தழுதழுத்த குரலில் எனக்கே தீர்ப்புச் சொன்னார், எட்டு மில்லிமீட்டர் போயிற்று. மறுநாள் வார்டு வாசலில் சிஸ்டர் மரகதம் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டார்: பட்டம் பெற்றவர்களுக்கு அனுமதி இல்லை.

அதன் பிறகுதான் கால் வளர்ந்தது. லிஃப்ட் இயக்கும் பேச்சிமுத்து அண்ணன் வந்தார். பொத்தானை அமுக்க ஒரு ஆள் எதற்கு, எல்லோருக்கும் விரல் இருக்கிறதே என்றேன். "விரலு எல்லாத்துக்கும் இருக்கு தாயி. நாலாம் மாடிக்கு ஸ்ட்ரெச்சர் போறப்ப ரெண்டாம் மாடியில நிக்கிறவன்ட்ட ‘நீ ஏறாத’ன்னு சொல்லுத வாய் எவனுக்கு இருக்கு?" என்றார். என்னையும் ஒரு நாள் அந்த ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுபோனார்கள். எட்டு மில்லிமீட்டர் திரும்பி வந்தது. பூ விற்கும் சீதாலட்சுமி வந்தாள். தலையில் பூ வைப்பது பெண்ணை அலங்காரப் பொருளாக்குவது என்று நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன், அதைச் சுருக்கிச் சொன்னேன். "எம் மாப்பிள்ள செத்து ஆறு வருசம். பூ வைக்கக் கூடாதுன்னு எங்க தெருவுல சொன்னாக. இப்ப நீயும் சொல்லுத. ரெண்டு பேரும் கூடிப் பேசிட்டு ஒரு முடிவா வாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு முழம் எடுத்துத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு போனாள். ஒன்றரை சென்டிமீட்டர். பார்வை நேரமான நான்கிலிருந்து ஆறு வரை வராந்தாவில் வரிசை நின்றது, வாழ்க்கையில் ஒரு வாதத்திலும் ஜெயிக்காதவர்களாகப் பார்த்து வாட்ச்மேன் உள்ளே விட்டார், முப்பது வருடம் அண்ணனிடம் பேச்சில் தோற்றவர், மாமியார் முன்னால் வாயே திறக்காதவள், பேங்கில் படிவம் கேட்டுத் திரும்பி வந்தவர், எல்லோரும் வந்தார்கள், என்னை ஜெயித்துவிட்டு நிமிர்ந்து நடந்து போனார்கள், சிலர் வீட்டுக்குப் போய் அங்கேயும் ஜெயித்ததாகக் கேள்வி. நான் தோற்றேன், சதை எழும்பியது, சிஸ்டர் வரைந்தார்.

கண்டக்டரும் வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. ஸ்டாப் அங்கேதான் இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன்.

"அங்கதாம்மா. நாந்தான் மறந்துட்டேன். நீங்க கையக் காமிச்சதும் பாத்துட்டேன், விசிலும் ஊதிட்டேன். நின்னதும் எறங்குங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். உங்க காதுல விழல. அப்ப நீங்க ஜெயிச்சுட்டு இருந்தீங்க."

ஆரஞ்சை வைத்துவிட்டு, தனக்குத் தூக்கமே வருவதில்லை என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரண்டு சென்டிமீட்டர். சிஸ்டர் நம்பாமல் இரண்டு தடவை வரைந்து பார்த்தார்.

அம்மாவை விட்டுவிட்டேனே. அம்மா என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து இருந்தாள். நீங்களும் ஒருதடவை முயற்சி பண்ணுங்களேன் என்று சிஸ்டர் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மத்தியானம் அம்மா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எனக்கு இவட்ட ஜெயிக்கணும்னு ஆசையில்ல சிஸ்டர். இவ பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் இவட்ட தோத்துட்டுத்தான் இருக்கேன். எனக்கு ஒடம்புல ஒரு இஞ்சுகூட வளரல."

அன்றைக்கு ஒரு சென்டிமீட்டர்.

இப்படியாக இரண்டு புதன்கிழமை போய், எலும்பு நான்கு சென்டிமீட்டர் மட்டும் தெரிய, மூன்றாவது புதனுக்கு ஐந்து நாள் இருக்க, வளர்ச்சி நின்றுவிட்டது. காரணத்தை நானே சொல்கிறேன், இதில் சிஸ்டருக்கு வேலை வைக்க மாட்டேன். எனக்குத் தோற்பது பிடித்துவிட்டது. நான் எவ்வளவு அழகாகத் தோற்கிறேன் பார் என்று உள்ளே ஒருத்தி உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் போல ஒப்புக்கொள்ளும் மனம் யாருக்கு உண்டு என்று நினைத்தேன். தோல்வியிலும் முதல் பரிசை நானே எடுத்துக்கொண்டேன். பரிசுக்குச் சதை வளராது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டாக்டர் கிறிஸ்டபெல் ஒரு படிவத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. "நாளைக்குக் காலையில பாப்பேன். எலும்பு தெரிஞ்சா எடுத்துருவேன். சீழ் ஆரம்பிக்குது, இனிமே காத்திருந்தா முழங்காலும் போயிரும். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு."

அவர் போனதும் நான் பேசினேன். வார்டு முழுக்கக் கேட்கிறாற்போலப் பேசினேன். ஒற்றைக் காலோடு வாழ்வது பாதி வாழ்க்கை, பாதி மனுஷியாக நடமாடுவதைவிட இந்தப் பேருந்துச் சக்கரம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கலாம் என்றேன், அதற்கு ஐந்து காரணம் வரிசையாகச் சொன்னேன். யாராவது மறுப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் மறுக்கவில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். லூர்து அம்மா உச்சுக் கொட்டினார். எல்லோரும் தலையை ஆட்டி ஆட்டி ஒப்புக்கொண்டார்கள். மெஷின் களுக்கென்றது, கரை பிளப்பது எனக்கே தெரிந்தது.

அடுத்த கட்டிலில் சுடலைவடிவு அக்கா கண்டக்டர் கொடுத்த ஆரஞ்சில் கடைசியை உரித்துக்கொண்டிருந்தாள். செங்கல் சூளையில் வேலை பார்த்தவள், கல் ஏற்றிய டிரெய்லர் பின்னால் உருண்டு இடது கால் போனது, வந்த அன்றே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இத்தனை நாளில் என்னிடம் வாதிடாத ஒரே ஆள் அவள்தான். வரிசை நின்றபோதுகூட, எனக்கு எதுக்கு, அவுக பேசட்டும் என்று விட்டுக்கொடுத்தவள்.

"அப்போ நான் பாதியா?" என்றாள்.

"ஐயோ அக்கா, உங்களச் சொல்லல."

"இந்த வார்டுல காலு போனது நான் ஒருத்திதான். வேற யாரச் சொன்ன?"

"பொதுவாச் சொன்னேன் அக்கா. என் வாழ்க்கைக்கு…"

"ஒனக்குன்னா பாதி. எனக்குன்னா அது போதும்ங்குத. அப்படித்தான?"

நான் வாயைத் திறந்தேன். அவள் ஆரஞ்சுச் சுளையின் நாரை மெதுவாக நீக்கினாள்.

"முந்தாநாள் ஒங்கம்மைக்குக் காய்ச்சல். ஒனக்குப் பெட்பேன் வச்சது யாரு?"

"நீங்க."

"ஒத்தக் கால்ல குதிச்சு வந்து வச்சேன். எடுத்துட்டுப் போயிக் கழுவுனேன். அன்னைக்கு நீ, பாதிதான வந்திருக்கு, மீதி எங்கன்னு கேக்கலியே பிள்ள."

வார்டில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, நான் எவ்வளவு அழகாகத் தோற்றேன் என்று பார்க்க உள்ளே ஒருத்தியும் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு திருத்தம்கூட எழுதாமல் போட்டேன். கால் போனால் போகட்டும், முழு ஆளாகத்தான் இருப்பேன் என்று எனக்கு அப்போது நிஜமாகவே தெரிந்திருந்தது, கண்முன் காட்டத்தான் பக்கத்துக் கட்டிலிலேயே ஆள் இருந்தாளே.

புதன்கிழமை காலை தியேட்டர் மேஜையில் டாக்டர் கிறிஸ்டபெல் ஸ்பாஞ்சை எடுத்தார். ஓரம் முதல் ஓரம் வரை மாதுளை. எலும்பு எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. ரம்பத்தை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, தோல் சீவும் கத்தியைக் கேட்டார். என் தொடையிலிருந்து வெங்காயத் தொலி மாதிரி மெல்லிசாகத் தோலைச் சீவி, சின்னச் சின்ன ஓட்டை போட்டு வலை போல விரித்து, புதுச்சதை மேல் பரப்பித் தைத்தார். அதன் மேல் மறுபடியும் ஸ்பாஞ்சு, மறுபடியும் மெஷின். ஐந்து நாள் பிரிக்கக் கூடாது. "இந்த அஞ்சு நாள்ல தோத்தாலும் பரவாயில்ல, ஜெயிக்கக் கூடாது. ஜெயிச்சா தோல் கழண்டுரும். வாய மூடிட்டு இரு" என்றார். கேஸ் ஷீட்டில் "பேச்சு கிடையாது" என்று எழுதினார்.

திரும்பி வந்ததும் நான் வடிவு அக்காவைத்தான் பார்த்தேன். ஜெயித்தது அவள், வளர்ந்தது எனக்கு. இது என்ன நியாயம் என்று யாரிடம் கேட்பது, பேச்சுதான் கிடையாதே. ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். படித்து முடித்துவிட்டு, "நானும் காலையில போர்வைய வெலக்கிப் பாத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணும் வளரல. சரி, போட்டும்" என்றாள்.

நான்காம் நாள் அவளுக்கு டிஸ்சார்ஜ். அன்று காலை பத்து மணிக்குச் செயற்கைக் கால் பிரிவிலிருந்து கோலப்பன் என்கிற உதவியாளர் அவளுடைய மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நெற்றியில் சந்தனம், பாக்கெட்டில் இரண்டு பேனா.

"ரேஷன் கார்டு வேற மாவட்டம்லாம்மா. இங்க அளவு எடுக்க முடியாது. நாலாவது விதி. ஒங்க மாவட்டத்துல போயி மனு குடுங்க."

"அங்க எனக்கு ஆரும் இல்ல சார். சூளைக்கு வந்து பதினாறு வருசம் ஆச்சு. காலு இருந்தா உக்காந்தாவது செங்கல்லு அறுப்பேன்னு மேஸ்திரிட்ட சொல்லியிருக்கேன். திங்கக்கெழம வரைக்கும்தான் அந்தக் குடிசைய விட்டு வைப்பேன்னாரு."

"எனக்குப் புரியுதும்மா. விதி அப்படி இருக்கே."

விதி அப்படி இல்லை. வார்டுச் சுவரில் ஒட்டியிருந்த செயற்கைக் கால் விதிகளின் அச்சுத்தாளை, வாய் மூடிக் கிடந்த மூன்று நாளில், படிக்க வேறொன்றும் இல்லாமல், நான் கமா உட்பட மனப்பாடம் செய்திருந்தேன். நாலாவது விதிக்கு இரண்டாவது வாக்கியம் உண்டு. இதே ஆஸ்பத்திரியில் கால் எடுக்கப்பட்டவருக்கு முகவரி எதுவானாலும் இங்கேயே அளவு எடுக்கலாம்.

தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை வாசித்தாள், பாதியில் கோலப்பன், "நீங்க யாரு, அந்தம்மாவுக்கு என்ன உறவு?" என்றதும், "இல்ல சார், சும்மா சொன்னேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடம் நான் கொடுத்த பயிற்சி. கோலப்பன் மனுவில் சிவப்புப் பேனாவை வைத்தார். சிஸ்டர் மரகதம் ஓடிவந்து என் வாயைக் கையால் பொத்தினார். வடிவு அக்கா திரும்பி, "பேசாத பிள்ள. ஒரு நா தான் மிச்சம். நான் எப்படியும் பொழச்சுக்கிடுவேன்" என்றாள்.

சிஸ்டரின் விரலை விலக்கினேன்.

"சார், நாலாவது விதியோட ரெண்டாவது வாக்கியத்தை வாசிங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை, விவரித்தால் எனக்குப் பிடித்துவிடும். விதியைச் சொன்னேன், விதி வந்த ஆணையைச் சொன்னேன், ஆணையின் தேதியைச் சொன்னேன், மேல்முறையீடு எந்த அதிகாரிக்கு என்று சொன்னேன், அவர் முதல் பேனாவை மூடி இரண்டாவது பேனாவைத் திறந்து ஒப்புதல் போட்டார், அளவு எடுக்கிறவரை வரச்சொல்லிப் போன் செய்தார், வார்டு கைதட்டியது. மொத்தம் பதினோரு நிமிடம். மெஷின் இரண்டு தடவை விக்கிவிட்டுக் கீச்சென்று கத்தியது.

சிஸ்டர் திரையை இழுத்துவிட்டுக் கட்டைப் பிரித்தார். தோலில் பாதி, ஈரத்தில் கிடந்த அப்பளம் மாதிரி, ஸ்பாஞ்சோடு வந்துவிட்டது. கீழ்ப்பாதி பிடித்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஃபிலிமை வைத்து வரைந்தார். டாக்டர் கிறிஸ்டபெல் வந்து குனிந்து பார்த்தார்.

"எதுக்குப் பேசுன?"

"அவர் விதியில பாதியத்தான் சொன்னார் டாக்டர்."

"ம். இன்னொரு தொடையில எடம் இருக்கு. அடுத்த வாரம் வைப்போம்" என்று சொல்லிவிட்டு, டீயைத் தேடிப் போனார்.

அம்மா என் தலையைத் தடவினாள். லூர்து அம்மா, பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய மனசு உள்ளவர்கள் படுத்திருப்பது போலப் படுத்திருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் டேப்பால் அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அளவுக்காரர் போனதும் வடிவு அக்கா ஊன்றுகட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, என் காலை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? அந்த ரெண்டாவது வரியச் சொன்னியே, அப்பவே அவரு சரிம்மா, நான் பாக்கலன்னு சொல்லிட்டாரு. பேனாவயும் தெறந்துட்டாரு. நான் கடிகாரத்தப் பாத்தேன். ரெண்டு நிமிசம்கூட ஆகல."

நான் கண்ணைத் திறந்தேன்.

"மீதி ஒம்பது நிமிசம் ஆருக்குப் பேசுன?"

நான் யோசித்தேன். ஆணையின் தேதியை யாருக்குச் சொன்னேன் என்று யோசித்தேன். மேல்முறையீட்டு அதிகாரியின் பதவிப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக யாருக்கு உச்சரித்தேன் என்று யோசித்தேன். அம்மா மெதுவாகத் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

வடிவு அக்கா சிஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், கட்டிராதீக. அந்த ஃபிலிமக் கொண்டாங்க, திரும்ப ஒருக்கா அளந்து பாப்போம்."